அடைக்கலக் கணக்கு

ஆத்தூர்ப் பேருந்து நிலையத்தில் இரவு பத்து மணிக்கு மேல் சேலம் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் அந்தக் காட்சியை எப்போதாவது கண்டிருக்கக்கூடும். ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை, விரலைப் பற்றியபடி இன்னொரு பிள்ளை, ஜவுளிக்கடைப் பையில் அள்ளித் திணித்த துணிகள். ஊருக்குப் போகிறவளின் பரபரப்பு அவளிடம் இராது. எந்த வண்டியில் ஏறுவதென்றே அவள் இன்னும் முடிவு செய்திருக்க மாட்டாள். அந்தப் பெண் எந்தக் கணக்கில் வருகிறாள் என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

கணக்கு இல்லாமல் இல்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்திய அளவில் 29.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் அது 38.1. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னிற்கும் மாநிலம் இந்தப் பட்டியலிலும் முன்வரிசையில் நிற்கிறது. வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் எவரிடமேனும் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே என்கிறது அதே கணக்கெடுப்பு. அவர்களிலும் பெரும்பான்மையோர் சென்றது பிறந்த வீட்டுக்கு.

ஆகவே, நம் நாட்டின் மிகப் பெரிய பெண்கள் காப்பகம் பிறந்த வீடுதான். அதன் நிபந்தனைகளையும் நாம் அறிவோம். சில நாள் தங்கலாம். அதற்கு மேல் தங்கினால் 'வாழாவெட்டி' என்ற சொல் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பஞ்சாயத்துப் பேசித் திருப்பி அனுப்புவதையே பெற்றோர் கடமையாகக் கருதுவர். அந்தக் கதவும் அடைபட்டவர்களே அரசு இல்லங்களுக்கும் தொண்டு இல்லங்களுக்கும் வந்து சேர்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது: சாதி கடந்து மணந்ததால் பிறந்த வீட்டை இழந்தவள், தாய் தந்தையற்றவள், தங்கைகளின் திருமணத்துக்கு இடையூறாகிவிடுவாள் என்று அஞ்சப்படுபவள். இல்லத்தின் பதிவேட்டைப் புரட்டி, 'ஏழைகளும் ஆதரவற்றவர்களுமே அடிபடுகிறார்கள்' என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. யாருக்கு வேறு கதவு இல்லையோ அவர்களைத்தான் அந்தப் பதிவேடு காட்டுகிறது.

கதவு யாரை உள்ளே விடுகிறது என்பதும் கணக்கை மாற்றுகிறது. நம் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. சகோதரி சுப்புலட்சுமி 1910களில் சென்னையில் தொடங்கிய விடுதியில் இருந்தவர்கள் பிராமணக் குலத்து இளம் விதவைகள். கைம்மையின் துயரம் அக்குலத்துக்கு மட்டும் உரியதன்று. அந்தக் கதவு அவர்களுக்காகத் திறக்கப்பட்டது, அவ்வளவே. பின்னர் தேவதாசிக் குலத்துச் சிறுமியர் புகலிடம் தேடி வந்தபோது, அன்றைய விடுதிகள் ஏற்க மறுத்ததால்தான் முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டிலேயே இடமளித்தார். அவ்வை இல்லம் பிறந்தது. ஒரு கதவு மூடியிருந்ததால் இன்னொரு கதவு திறக்க வேண்டியதாயிற்று.

இன்றைய கதவுகளின் நிபந்தனைகளைப் பார்ப்போம். நடுவண் அரசின் சுவாதார் கிரஹ் திட்டத்துக்கான 2015ஆம் ஆண்டு விதிகள் ஓர் இல்லத்துக்கு 30 பெண்கள் என்று அளவு வகுத்தன. வீட்டு வன்முறைக்கு ஆளானவள் ஓராண்டு வரை தங்கலாம். பெண் குழந்தைகள் 18 வயது வரை தாயுடன் இருக்கலாம். ஆண் குழந்தைகள் 8 வயது வரை மட்டுமே. அதைத் தாண்டிய சிறுவன் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பப்பட வேண்டும். 2022இல் இத்திட்டம் 'சக்தி சதன்' என்று பெயர் மாறியபோது சிறுவர்களுக்கான வயது வரம்பு உயர்த்தப்பட்டது. கோடு நகர்ந்ததே தவிர அழியவில்லை.

அந்தக் கோட்டில் நிற்கும் தாயை எண்ணிப் பாருங்கள். மகளுக்கு ஆறு வயது, மகனுக்குப் பதின்மூன்று. உள்ளே போனால் மகனைப் பிரிய வேண்டும். அப்பனின் கையை இடைமறித்துத் தடுத்தவன் அவன்தான். அவனை வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் பாதுகாப்பாக இருக்க எந்தத் தாய் ஒப்புவாள்? அவள் திரும்பிப் போவாள். பெண்கள் தங்கும் இடத்தில் வளர்ந்த பையன்களை வைத்துக்கொள்வதில் நிர்வாகத்துக்குச் சங்கடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் தனித்தனி அறைகள் கொண்ட சிறு குடியிருப்புகளால் தீர்க்கக்கூடிய சிக்கலை, தாயையும் மகனையும் பிரித்துத் தீர்ப்பது எளிய வழியே ஒழிய நியாயமான வழி ஆகாது.

தொலைவும் ஒரு நிபந்தனை. மாவட்ட அளவில் அமைந்த ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு ஆத்தூர்ப் பெண் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணித்துச் சேலம் செல்ல வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து வருபவளுக்கு அதனினும் கூடுதல். அங்கும் ஐந்து நாள்தான் தங்கலாம். ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு தோலுரித்து அன்றாடக் கூலி பெறுபவளுக்கு, வீட்டை விட்டு விலகுவதென்பது வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டு விலகுவது. அடித்தவனுக்கு வீடும் வேலையும் ஊரும் அப்படியே இருக்கின்றன.

கனடாவில் குறிப்பிட்ட ஒரு நாளில் நாடு முழுவதுமுள்ள பெண்கள் காப்பகங்களில் கணக்கெடுத்தார்கள். 2014 ஏப்ரலில் அப்படி எடுத்தபோது 4,476 பெண்களும் அவர்களுடன் 3,493 குழந்தைகளும் இருந்தனர். என்னைக் கவர்ந்தது இன்னொரு எண்: அந்த ஒரே நாளில் இடமின்மை முதலிய காரணங்களால் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களும் குழந்தைகளும் 500க்கு மேற்பட்டோர். திரும்பிச் சென்றவர்களையும் எண்ணியதால்தான் தேவை எவ்வளவு என்று அவர்களால் சொல்ல முடிந்தது. ஏறத்தாழ ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு குழந்தை என்ற விகிதமும் கவனத்துக்குரியது. காப்பகத்தை நாம் பெண்கள் இல்லம் என்றே நினைக்கிறோம். அது பாதி குழந்தைகள் இல்லம்.

நாமும் இதைச் செய்யலாம். ஒவ்வோர் இல்லமும் தங்கியவர்களோடு, மறுக்கப்பட்டவர்களையும் காரணத்துடன் பெயரின்றிப் பதிய வேண்டும். தாலுகா அளவில் ஓரிரு அறைகளேனும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 19ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்குத் தந்துள்ள அதிகாரம் பயன்பட வேண்டும்: அடித்தவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் அதிகாரம். அது முறையாக நடந்தால் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வர வேண்டியவள் அவளாக இருக்க மாட்டாள்.

1992இல் பெண்சிசுக் கொலைக்கு எதிராகத் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். பிறந்த பெண்ணுக்குத் தொட்டில் வைத்த மண்ணில், அவள் வளர்ந்து மணமாகி அடிபட்டு வரும்போது ஒரு கட்டில் இருக்க வேண்டாமா?

சிலப்பதிகாரத்தில் 'அடைக்கலக் காதை' என்றே ஒரு பகுதி உண்டு. கவுந்தியடிகள் ஒப்படைத்த கண்ணகியை ஆயர்குல மாதரி தன் பொறுப்பில் ஏற்கிறாள். அந்த அடைக்கலத்தைக் காக்க இயலாமற் போனதற்காகப் பின்னர் அவள் தீப்புகுந்தாள் என்கிறது காப்பியம். அவ்வளவு பெரிய விலையை இன்று யாரும் கேட்கவில்லை. வந்தவள் யார், உடன் வந்த பிள்ளைகள் எத்தனை, அவர்களில் யாரைத் திருப்பி அனுப்பினோம் என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகத்தைத்தான் கேட்கிறோம்.