மலிந்த கட்டணமும் மறைந்த பழுதும்

"கூலிக்காரன் ஏறும் விமானத்துக்குக் கூலிக்காரன் தரத்தில்தான் பராமரிப்பும் இருக்கும்" என்று பட்டணத்து அன்பரொருவர் அண்மையில் எம்மிடம் நகைத்துக் கூறினார். திருச்சிராப்பள்ளியில் உள்ள தம் தமக்கையைக் காணப் புறப்பட்ட எமது தோட்டத்து மூதாட்டியொருவரை வழியனுப்பச் சென்ற இடத்தில் உதிர்ந்த சொல் இது. அம்மையார் முகம் வாடிற்று. அதற்கு விடை கூறாதிருத்தல் முறையன்று.

நம் பாட்டன்மார் ரஜுலா கப்பலின் தட்டிலே பாய் விரித்துப் பல நாள் கடல் கடந்தனர். பேரர் இன்று நான்கு மணி நேரத்தில் அக்கரை சேர்கின்றனர். இதனை ஏளனஞ் செய்வோர், மலிவு எங்கிருந்து பிறந்ததென்பதை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்துச் சௌத்வெஸ்ட் கம்பெனி 1971இல் பறக்கத் தொடங்கிற்று. மறு ஆண்டே பணமுடையால், தனக்கிருந்த நான்கு விமானங்களுள் ஒன்றை விற்க நேர்ந்தது. நான்கின் வேலையை மூன்றைக் கொண்டே முடிக்க வேண்டி, இறங்கிய விமானத்தைப் பத்து நிமிடத்தில் மீண்டும் கிளப்பக் கற்றனர். மலிவுக் கட்டணத்தின் மூலவித்து இதுவே. ஒரே இன விமானம். ஆகவே உதிரிச் சாமான்களும் பயிற்சியும் ஒரே வகை. பின் வந்த கம்பெனிகள் உணவுக்கும் பெட்டிக்கும் தனிக் காசு வாங்கின. நம் நாட்டில் டோனி பெர்னாண்டஸும் கூட்டாளிகளும், இரண்டு விமானமும் நான்கு கோடி ரிங்கிட் கடனுமாய் நின்ற ஏர் ஏசியாவை 2001இல் ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கி, அவ்வழியே நடந்தனர். இவற்றுள் எது திருகாணியைத் தளர்த்துவது?

முழுக் கட்டணம் உயிரைக் காக்குமெனின், 1985இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 520 பேர் மாண்டதேன்? ஏழாண்டுகட்கு முன் அதன் வாற்புறத் தடுப்பைப் பிழையாகச் செப்பனிட்டோர், அவ்விமானத்தைச் செய்த போயிங் கம்பெனியாரே!

இதனால் மலிவுக் கம்பெனிகளுக்கு யாம் வக்காலத்து வாங்குவதாகக் கொள்ளற்க. தரையில் நிற்கும் விமானம் ஒரு காசும் ஈட்டாது. குத்தகையும் சம்பளமுமோ நில்லாது ஓடும். நாளொன்றுக்குப் பன்முறை பறந்தாலன்றி இவர்தம் கணக்கு நேராகாது. பெரும்பழுதை எவரும் மறைக்கத் துணியார். சிறுபழுதன்றோ, "இன்று போகட்டும், நாளை பார்ப்போம்" என்று சொல்லச் செய்கிறது!

2014 டிசம்பர் 28இல் சுரபாயாவினின்று சிங்கப்பூருக்குப் புறப்பட்ட இந்தோனேசிய ஏர் ஏசியா விமானம் கடலில் வீழ்ந்து 162 பேரும் மடிந்தனர். மறு ஆண்டு வெளியான அந்நாட்டு விசாரணை அறிக்கையைப் படிப்போர் நெஞ்சு பதறும். வாற்சுக்கான் அளவு மீறித் திரும்பாது காக்கும் கருவியில், ஈயம் பற்றவைத்த இடத்தில் ஒரு விரிசல். அக்கருவி முந்திய ஓராண்டில் 23 முறை பழுதென்று பதிவாகியிருந்தது. அன்று ஆகாயத்தில் எச்சரிக்கை நான்காம் முறை எழுந்தபோது, கணினிக்குரிய மின்சாரம் துண்டிக்கப்பட்டது. தானியங்கி ஓட்டம் நின்றது, விமானம் சாய்ந்தது, விமானிகளும் அதனை நேர்ப்படுத்தும் வகையறியாது தடுமாறினர். விமானிகளின் பிழையை யாம் மறைக்கவில்லை. ஆயினும் அந்த 23 பதிவுகளைக் கூட்டிப் பார்ப்பார் ஒருவரும் இல்லாது போயினரே!

யாமும் பேரேடு எழுதும் கிராணிதான். தோட்டத்து லாரியின் பிரேக்குக் குறையை "பார்க்கப்பட்டது" என்று மும்முறை எழுதி மூடியதுண்டு. வெட்கத்துடன் ஒப்புகின்றோம். ஏடு பொய் சொல்லாமலே உண்மையை மறைக்கும் வித்தை எமக்குத் தெரியும்.

கம்பெனி தன்னைத்தானே கண்காணித்துக் கொள்ளும் என்பாரும் உளர். கண்காணிக்கும் சர்க்கார் அலுவலகமே தளர்ந்தால்? 2019 நவம்பரில் அமெரிக்க விமான ஆணையம், நம் நாட்டு மேற்பார்வை அனைத்துலக அளவுக்குக் குறைந்ததென்று கூறி நம்மை இரண்டாந்தரத்தில் வைத்தது. 2022 அக்டோபரில்தான் முதற்றரம் மீண்டது. அம்மூன்றாண்டும் டிக்கெட்டு வாங்கிய நம்மவருள் எத்தனை பேர் இதனை அறிந்தனர்?

விமானம் குறித்த நேரத்தில் புறப்பட்டதா என்ற கணக்கு ஊரறியக் கிடைக்கிறது. ஒவ்வொரு விமானத்திலும் ஒரே பழுது எத்தனை முறை திரும்பத் திரும்பப் பதிவாயிற்று என்ற கணக்கையும் சர்க்கார் ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடட்டும். மலிவுக் கம்பெனி, முழுக் கட்டணக் கம்பெனி என்ற வேறுபாடின்றி வெளியிடட்டும். பட்டணத்து அன்பர் தமது செல்வாக்கைக் கொண்டு இதனைக் கேட்டு ஒரு மனு எழுதுவாராயின், எமது தோட்டத்து மூதாட்டி முதற் கைந்நாட்டு இடுவார்.