நீக்கும் கருவிக்கு விளக்கம் எதற்கு?

நிரலாளர்களிடையே வேரூன்றிவிட்ட நம்பிக்கை ஒன்று உண்டு: தெளிவாக எழுதிய நிரலைப் படித்தாலே புரியும், அதற்குத் தனியாக ஆவணம் எழுதுவது வீண் வேலை என்பது. பெரிய மென்பொருளுக்குக் கையேடு வேண்டும் என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட, ஒரே வேலையைச் செய்யும் சின்னக் கருவி என்றால் கையை விரித்துவிடுகிறார்கள். கிராஃபில் ஓர் இணைப்பை நீக்குகிறது, அவ்வளவுதானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்கிறார்கள். எழுத நிறையவே இருக்கிறது. சேர்க்கிற கருவி தவறு செய்தால் சேர்த்தது வெளியீட்டில் நிற்கும், பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நீக்குகிற கருவி விட்டுப்போவது வெற்றிடத்தை மட்டுமே. ஒரு கோடு முதலிலிருந்தே இல்லையா, நடுவில் எடுக்கப்பட்டதா என்று வெளியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

கிராஃப்களைப் படமாக வரையும் கிராஃப்விஸ் மென்பொருள் தொகுப்போடு வரும் ‘டிரெட்’ என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். அம்புக்குறிகளால் இணைந்த புள்ளிகளின் கிராஃபை வாங்கி, வேறு வழியாகச் சுற்றிப் போய்ச் சேர முடிகிற இடத்துக்கு இருக்கும் நேர் அம்பை அது எடுத்துவிடும். ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்கும், ‘ஆ’விலிருந்து ‘இ’க்கும் அம்பு இருந்தால், ‘அ’விலிருந்து ‘இ’க்கு நேராகப் போகும் அம்பு காணாமல் போகும். நெரிசலான படம் தெளிவாகிவிடும். இதன் கணிதத்தை ஏஹோ, கேரி, உல்மன் மூவரும் 1972-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார்கள். சுழற்சி இல்லாத கிராஃபுக்கு இப்படிக் குறைத்த வடிவம் ஒன்றே ஒன்றுதான். சுழற்சி இருந்தால் அந்த உறுதி போய்விடும். மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற இரண்டுக்கும் அம்பு என்று வைத்துக்கொண்டால், வலமாகச் சுற்றும் மூன்று அம்புகளை மட்டும் விட்டுவைத்தாலும் சரி, இடமாகச் சுற்றும் மூன்றை விட்டுவைத்தாலும் சரி, எங்கிருந்தும் எங்கும் போகலாம் என்பது மாறாது. டிரெட்டின் கையேடு மிகச் சிறியது. ஆனாலும் சுழற்சி இருந்தால் விடை ஒன்றாக இருக்காது, எச்சரிக்கை வரும் என்பதையும், திசையற்ற கிராஃபைக் கொடுத்தால் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. சொல்லாமல் விட்டிருந்தால், கிடைத்த படத்தை வைத்து இவற்றை ஊகிக்கவே முடியாது.

அதே கையேடு ஓர் இடத்தில் சறுக்கவும் செய்கிறது. குறைத்த கிராஃபின் பொருளும் செல்லுபடித்தன்மையும் கெடாது என்கிறது. எங்கிருந்து எங்கே போகலாம் என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே அது உண்மை. மென்பொருள் சார்புகளைக் காட்டும் கிராஃபில் ‘அ’ என்ற நிரல் ‘ஆ’ என்ற நூலகத்தை அழைக்கிறது, ‘ஆ’வோ ‘இ’யை அழைக்கிறது, ‘அ’வும் ‘இ’யை நேரடியாக அழைக்கிறது. குறைத்த படத்தில் கடைசி அம்பு இருக்காது. நாளைக்கு ‘ஆ’வை மாற்றி எழுதி, அதில் ‘இ’யைக் கைவிடுகிறார்கள். படத்தை மட்டும் நம்புகிறவர் ‘இ’ இனி யாருக்கும் வேண்டாம் என்று தூக்கிவிடுவார். ‘அ’ உடைந்து நிற்கும். இணைப்பின் மேல் நாள்கணக்கோ தூரமோ எழுதியிருந்தால் அதுவும் நீக்கிய அம்போடு போய்விடும். எது காப்பாற்றப்படும் என்பதோடு எது காப்பாற்றப்படாது என்பதையும் எழுதியாக வேண்டும். சி மொழியில் எழுதிய டிரெட்டின் மூலநிரல் அம்பு அழிக்கப்படுவதைக் காட்டும். அந்த அம்பை நம்பி யார் என்ன முடிவெடுப்பார்கள் என்பது அதில் இருக்காது.

பெயரே விளக்கம் என்பவர்கள் கிராஃப்களைக் கையாளும் பைத்தானின் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தைப் பார்க்கட்டும். ‘ரிமூவ் எட்ஜ்’ ஓர் இணைப்பை நீக்கும். ‘ரிமூவ் எட்ஜஸ் ஃப்ரம்’ பட்டியலில் உள்ள இணைப்புகளை நீக்கும். இல்லாத இணைப்பை நீக்கச் சொன்னால் முன்னது பிழை என்று நின்றுவிடும். பின்னது ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்ததற்குப் போய்விடும். பெயரில் இந்த வேறுபாட்டின் வாடைகூட இல்லை. சோதனை நிரல்களே ஆவணம் என்ற வாதமும் நிற்காது. மேலே சொன்ன மூன்று புள்ளிச் சுழற்சிக்கு ஒரு சோதனை எழுதினால், இன்று வந்த விடையை அது பதிவு செய்யும். அந்த விடை கருவி தரும் வாக்குறுதியா, உள்ளே புள்ளிகள் அடுக்கப்பட்ட வரிசையால் தற்செயலாக வந்ததா என்று சோதனையால் சொல்ல முடியாது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: நிரல் மாறும், ஆவணம் மாறாது, பழைய ஆவணம் பொய் சொல்லும். இது நடக்கிறது, அடிக்கடி நடக்கிறது. ஆனால் இது அக்கறையின்மைக்கு எதிரான வாதம். ஆவணத்துக்கு எதிரானதாக அதைத் திருப்பக் கூடாது. பைத்தானோடு வரும் ‘டாக்டெஸ்ட்’, விளக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை இயக்கிப் பார்த்து, விடை மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும். எல்லா வாக்கியங்களையும் இப்படிச் சரிபார்க்க முடியாதுதான். முடியாதவற்றை, நிரல் மாற்றத்தைச் சரிபார்ப்பவரே சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு கருவியில் வேலை செய்வது என்பது அதையும் சேர்த்ததுதான்.

டிரெட்டின் கையேட்டில், பொருள் கெடாது என்கிற அந்த ஒரு வரியை இப்படி மாற்றினால் போதும்: எங்கிருந்து எங்கே போகலாம் என்பது மாறாது; நேரடி உறவுகளும் நீக்கிய இணைப்புகளின் பெயர், அளவு முதலியவையும் வெளியீட்டில் இருக்காது; அவை தேவைப்படுவோர் மூலக் கிராஃபைப் பத்திரப்படுத்திக்கொள்ளவும்.