மனைக்கு அப்ரூவல் இருக்கு, மண்ணுக்கு இருக்கா?

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீடு கட்டும் யோசனையில் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள், யாருக்குத் தேவையோ அவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

ரிட்டயர் ஆன பிறகு என் போனுக்கு வரும் படங்களில் கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடி அதிகம் வருவது மனைப் படங்கள்தான். "சார், இந்த பிளாட் எப்படி?" "பெரியப்பா, வாங்கலாமா?" துபாயில் இருந்தும் வருகிறது, சென்னையில் இருந்தும் வருகிறது. கூடவே மூன்று தகவல் இருக்கும்: டிடிசிபி அப்ரூவ்டு, கிழக்குப் பார்த்த மனை, பேங்க் லோன் கிடைக்கும். "என்ன மண்?" என்று திருப்பிக் கேட்டால் மட்டும் பதில் வராது.

அப்ரூவ்டு என்றால் ஆபத்தில்லாதது என்று நாமாகவே அர்த்தம் செய்துகொள்கிறோம். அந்த அனுமதி மனைப்பிரிவில் ரோடு எவ்வளவு அகலம், பொது இடம் விட்டிருக்கிறார்களா, மனை அளவு சரியா என்று பார்ப்பது. உங்கள் மனைக்கு அடியில் உள்ள மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தோண்டிப் பார்த்துத் தருகிற சான்று அல்ல. பேங்க் பார்ப்பது பத்திரத்தையும் சந்தை மதிப்பையும். வாஸ்து பார்ப்பவர் திசையைப் பார்க்கிறார். மண்ணைப் பார்க்க ஆளே இல்லை.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டிடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி. நல்ல திட்டம்தான், அலைச்சல் மிச்சம். ஆனால் "சுயசான்று" என்ற சொல்லைக் கவனியுங்கள். சான்று கொடுப்பது நீங்கள். மண்ணுக்கும் சேர்த்துப் பொறுப்பு உங்களுடையது.

நம் தாமிரபரணிப் பக்கம் மண் எத்தனை விதம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மேற்கே மலையடிவாரத்தில் பாறையும் மண்ணும் கலந்து சரிந்து சேர்ந்த நிலம். ஆற்றை ஒட்டி வண்டல். வடக்கே கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் கரிசல். தென்கிழக்கே சாத்தான்குளம் பக்கம் தேரிச் செம்மணல். நாலு மண்ணுக்கும் நாலு விதமாக அஸ்திவாரம் போட வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் "அஞ்சடி வானம் தோண்டி பில்லர் போட்டுரலாம் சார்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை எல்லாம் தண்ணீர். அந்த இரவு ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. அந்தப் பாதையின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். தண்டவாளம் முறியவில்லை, அப்படியே இருந்தது. அதற்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும்தான் போய்விட்டது, இரும்பு அந்தரத்தில் தொங்கியது. "நல்ல கம்பி, நல்ல சிமெண்ட் போட்டிருக்கேன், என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்களுக்கு அந்தப் படம்தான் என் பதில்.

சரிவில் கட்டுவது இதைவிடப் பெரிய விஷயம். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரே வீட்டில் இருந்த 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். அதே ஆண்டு ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் 200க்கும் மேற்பட்டோர் போனார்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர். மூன்று இடத்திலும் விடாமல் பெய்த பெருமழைதான் சரிவை இறக்கியது. "நமக்கு எங்கே மலை?" என்று கேட்காதீர்கள். குற்றாலம், பாபநாசம், களக்காடு பக்கம் "மலை தெரியும் மனை" என்று விளம்பரம் செய்கிறார்கள். மலை நமக்குத் தெரிவதைவிட, மலைத் தண்ணீர் நம் மனையை நோக்கி வருமா என்பதுதான் முக்கியம்.

சரிவில் மண் ஏன் நிற்கிறது? மண் துகள்கள் ஒன்றோடொன்று அழுந்தி உரசிப் பிடித்துக்கொள்வதால். மழை இறங்கினால் மண்ணின் எடை கூடுகிறது. இடுக்குகளில் நிறைந்த தண்ணீர் துகள்களை விலக்கித் தள்ளுவதால் பிடிப்பும் குறைகிறது. இதைக் கணக்காக்கி 1925இல் மண் இயக்கவியலுக்கு அடித்தளம் போட்டவர் கார்ல் டெர்சாகி. நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம். வீட்டு வேலைக்குக் கொட்டிய ஆற்றுமணல் குவியலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், போதும். ஆற்றங்கரையும் அப்படித்தான். வெள்ளம் ஏறும்போது நின்ற கரை, வெள்ளம் சட்டென்று வடியும்போது இடிந்து விழும். உள்ளே தேங்கிய தண்ணீர் வெளியே தள்ளும், எதிரே தாங்கிக்கொள்ள ஆற்றுத் தண்ணீர் இருக்காது.

சரிவில் மனை வாங்கியவர்கள் செய்யும் வழக்கமான வேலை ஒன்று உண்டு. மேல்பாதியை ஜேசிபி வைத்து வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டிச் சமன் செய்து வீட்டைக் கட்டுவது. பாதி வீடு கெட்டி நிலத்தில், பாதி வீடு கொட்டிய மண்ணில். கொட்டிய மண் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். சுவரில் கோணலாக விரிசல் ஓடும். நிரப்பவே வேண்டும் என்றால் அரையடி கனத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். அப்போதும் அஸ்திவாரம் பழைய கெட்டி மண்ணில்தான் இறங்க வேண்டும்.

சமவெளியில் இதே கதை வேறு உருவத்தில் வருகிறது. வயலிலும் பள்ளத்திலும் சரள் அடித்து மேடாக்கி, கல் நட்டு விற்கிறார்கள். மேலே செக்கச்செவேல் என்று அழகாக இருக்கும். நாலடிக்குக் கீழே களி. நம் ஊரில் இடத்தின் பெயரே பாதி உண்மையைச் சொல்லிவிடும். புதிய பஸ் ஸ்டாண்டை இன்றைக்கும் வேய்ந்தான்குளம் என்றுதானே சொல்கிறோம்?

கரிசலின் குணம் தனி. மழையில் உப்பும், கோடையில் சுருங்கிக் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும். சுமார் மூன்றரை மீட்டர் ஆழம் வரை இந்த ஆட்டம் இருக்கும். அதற்காகவே அடியில் குமிழ்போல் விரிந்த 'அண்டர் ரீம்டு பைல்' முறையை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. அசையாத ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்பது மாதிரி. அங்கே சாதாரண கடைக்கால் போட்டுவிட்டு, அடுத்த சித்திரையில் "சுவர் வெடிச்சிருச்சு" என்று கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை.

"நம்ம தாத்தா எந்த சாயில் டெஸ்ட் எடுத்தார்?" என்று ஒரு மருமகன் கேட்டார். நல்ல கேள்வி. தாத்தா வீடு கட்டியது ஊர் நத்தத்தில். மேட்டில் வீடு, பள்ளத்தில் வயல், அதற்கும் கீழே வாய்க்கால் என்பது பல தலைமுறை வெள்ளத்தைப் பார்த்து அமைந்த ஏற்பாடு. ஊர் இருந்த இடமே சோதித்துப் பார்த்த மண். வீடும் மண்சுவர், ஓட்டுக்கூரை. இன்று அவர் நெல் நட்ட வயலில், அவர் வீட்டைப்போலப் பல மடங்கு எடையுள்ள கான்கிரீட் வீட்டை ஏற்றுகிறோம். தாத்தாவைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை.

என்ன செய்யலாம்? ஐந்து விஷயம் சொல்கிறேன்.

1. ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள்: "2023இல் தண்ணீர் எதுவரை வந்தது?"

2. பட்டாவோடு நிற்காதீர்கள். ஏ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் நஞ்சையா, புஞ்சையா என்று பாருங்கள். புலப்படத்தில் ஓடை, வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்.

3. சரிவாக இருந்தால் மேலே ஏறிப் பாருங்கள். அடிமரம் வளைந்த மரங்கள், சாய்ந்த கரண்ட் கம்பம், தரையில் நீள வெடிப்பு, புதிதாகக் கசியும் கலங்கல் ஊற்று, மண் அரித்து வெளியே நிற்கும் பாறை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிபுணர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

4. மண் பரிசோதனை எடுங்கள். துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையில் இருந்தும் ஆய்வகச் சோதனையில் இருந்தும் மண் தாங்கும் பாரத்தைக் கணக்கிடுவார்கள். ஒரு மூலையில் மட்டும் துளை போட்டால் போதாது. அறிக்கையை டிசைன் செய்யும் இன்ஜினியர் கையில் கொடுத்து, "இதை வைத்து அஸ்திவாரம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

5. சரிவில் தடுப்புச் சுவர் கட்டினால் தண்ணீர் வெளியேறத் துளை விடுங்கள், சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்புங்கள். கூரைத் தண்ணீரையும் கழிவு நீரையும் சரிவுக்குள் இறக்காதீர்கள்.

செலவு என்பீர்கள். எலிவேஷன் டைல்ஸுக்கும் ஸ்டீல் கேட்டுக்கும் பேரம் பேசாமல் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்குதான் இது. கேட்டை நாளைக்கும் மாற்றலாம். வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணை மாற்ற முடியாது.

இருபது வருட இ.எம்.ஐ. போட்டு, வெளிநாட்டில் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்புகிறீர்கள். அந்த வீட்டில் உங்கள் அம்மாவும் குழந்தைகளும் மழை ராத்திரியில் பயமில்லாமல் தூங்க வேண்டும். ஆகவே இனி மனைப் படம் அனுப்புகிறவர்கள் மண் பரிசோதனை அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள். அது வராமல் "வாங்கு" என்று நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை.

உங்கள் பழைய புவியியல் வாத்தியார்