சத்துணவுக்குக் காய்கறி: உள்ளூர் உழவருக்கு வழி விடவேண்டும்

பல ஊர்களில் கத்தரித் தோட்டம் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளியின் சாம்பாருக்குக் கத்தரிக்காய் டவுன் கடையிலிருந்து வருகிறது. இது மாறவேண்டும் என்பது என் கருத்து. மாறுவதற்கு அரசும் உழவர்களும் ஆளுக்கொரு அடி எடுத்து வைக்கவேண்டும்.

நம் மாநிலத்தில் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது. இன்று இதற்கு மத்திய அரசின் நிதியும் வருகிறது. சமையல் செலவில் மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கின்றன. மத்திய அரசின் அளவுப்படி, தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி. 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 75 கிராம். ஒரு பள்ளியில் முறையே 80 பேரும் 40 பேரும் சாப்பிட்டால் தினம் 7 கிலோ, வாரம் 35 கிலோ தேவை. நாலைந்து சிறு விவசாயிகள் முறை வைத்துக் கொடுத்தால் போதும்.

அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை நுகர்பொருள் வாணிபக் கழகம் மூலம் வருவதும், முட்டையை டெண்டர் விட்டு வாங்குவதும் பொருத்தமே. அழுகும் காய்கறிக்கு அது ஒத்துவராது. அமைப்பாளர் பக்கத்தில்தான் வாங்கவேண்டும். அப்படியிருந்தும் உழவரிடம் வாங்கத் தயங்குவது ஏன்? கடைக்காரர் பில் தருகிறார், நம்மவர் தருவதில்லை. தணிக்கையில் பில் இல்லாவிட்டால் பதில் சொல்லவேண்டியவர் அமைப்பாளர். அவர் அஞ்சுவது நியாயமே.

ஆகவே, விவசாயக் குழுவின் பெயரில் ரசீதுப் புத்தகம் அச்சிடுங்கள். எடையை இருவர் முன்னிலையில் போட்டு, அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கில் பெறுங்கள். காய் கேட்பவர், எடை பார்த்து வாங்குபவர், பணம் கொடுப்பவர் மூவரும் ஒருவராகவே இருக்கக்கூடாது. கணக்கு சுத்தமாக இருந்தால் பிள்ளையின் தட்டுக்குப் போகவேண்டியது வேறெங்கும் போகாது. உங்கள் மேலும் பழி விழாது.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. பூச்சிமருந்து டப்பாவைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகக்கூடாது. காய்கறிக்கு இம்மருந்தைத் தெளிப்பதற்கே தடை உள்ளது. மற்ற மருந்துகளிலும், காத்திருக்க வேண்டிய நாட்கள் கழிந்த பிறகே காய் பறிக்கவேண்டும். தெளித்த தேதியைக் குறித்து வையுங்கள்.

அரசு செய்யவேண்டியதும் உண்டு. பிரேசில் நாடு 2009-இல் இயற்றிய சட்டம், பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கச் செலவிட வேண்டும் என்று வகுத்தது. டெண்டர் இல்லாமல், விலையை முன்கூட்டியே சந்தையில் விசாரித்து அறிவித்து வாங்க வழி செய்தது. நம் நாட்டிலும் 2021-இல் திட்டத்துக்கு பி.எம். போஷன் என்று பெயரிட்டபோது, உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளையும் மகளிர் குழுக்களையும் ஈடுபடுத்த ஊக்கம் தரப்படும் என்றார்கள். எல்லா மாவட்டங்களிலும் சமூகத் தணிக்கை கட்டாயம் என்றும் சொன்னார்கள். ஊக்கம் என்ற சொல் போதாது. இத்தனை பங்கு உள்ளூர் உழவருக்கு என்று உத்தரவில் எழுதவேண்டும்.

அதுவரை காத்திராமல், அடுத்த கிராம சபையில் இதைக் கேளுங்கள். ரசீதுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.