ஆங்கிலம் அறிவோம்: 'ஆஃப்' என்னும் சிறுசொல்



சென்ற இதழில் 'அப்' என்னும் சிறுசொல் வினைச்சொற்களோடு கூடி எத்தனை பொருள்களைத் தருகிறது என்பதைக் கண்டோம். இவ்விதழில் 'ஆஃப்' என்பதை எடுத்துக்கொள்வோம். "இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது? 'விளக்கை ஆஃப் பண்ணு' என்று எங்கள் வீட்டுக் குழந்தைகூடச் சொல்கிறதே!" என நீங்கள் கேட்கக்கூடும். அவ்வாறு எண்ணியிருந்த ஓர் இளைஞருக்கு நேர்ந்ததை முதலில் கூறுகிறேன்.

எங்களூரைச் சேர்ந்த அவர், வளைகுடா நாடொன்றில் பணியாற்றி வந்தார். ஒருநாள் எதிர்பாராமல் ஊர் திரும்பினார். உம்மாவுக்குப் புடவை, தங்கைக்குக் கைக்கடிகாரம், அண்டை வீட்டாருக்கு வாசனைத் திரவியங்கள் எனப் பெட்டி நிறையக் கொண்டு வந்திருந்தார். கையிலிருந்த பணத்தைக் கொண்டு வீட்டின் பின்கட்டையும் இடித்துக் கட்டத் தொடங்கினார். இரண்டு வாரம் கழிந்தபின் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டி, "மாமா, எனக்கு ஆஃப் கொடுத்திருக்கிறார்கள். என்றைக்குத் திரும்ப வேண்டும் என்று இதில் போட்டிருக்கிறதா, பாருங்கள்" என்றார்.

அதில் திரும்ப வேண்டிய நாள் இல்லை. 'யூ வில் பி லெய்ட் ஆஃப்' என்ற வரியே இருந்தது. ஆட்குறைப்பின் காரணமாக உமது வேலை முடிவடைகிறது என்பது அதன் பொருள். 'டே ஆஃப்' என்றால் விடுமுறை நாள்; ஆகவே 'லெய்ட் ஆஃப்' என்பதும் விடுமுறையே என அவர் கொண்டுவிட்டார். விடுமுறைச் சம்பளம் எனக் கருதி அவர் செலவிட்டது, கணக்கை முடித்துக் கொடுத்த தொகை! ஒரு சிறுசொல்லின் பொருள் தெரிந்திருந்தால், அப்பணத்தில் ஒரு பகுதியேனும் கையில் நின்றிருக்கும்.

இந்தச் சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டின் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 'லே ஆஃப்' என்பது, தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கும்போதே தற்காலிகமாக வேலை தர இயலாத நிலையைக் குறித்தது. நிரந்தரமான ஆட்குறைப்புக்கு 'ரெட்ரெஞ்ச்மென்ட்' என்னும் வேறு சொல் அச்சட்டத்தில் இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் கடிதங்களிலோ 'லெய்ட் ஆஃப்' என்பது பெரும்பாலும் வேலையிழப்பையே குறிக்கும். எனவே இச்சொல்லைக் கண்டால், தற்காலிகமா நிரந்தரமா எனக் கேட்டுத் தெளிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

இத்தொடர்கள் நமக்கு மட்டும் கடினமானவை அல்ல. 1755ஆம் ஆண்டில் தமது ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வகைத் தொடர்களே அயல்மொழியினருக்கு மிகுந்த இடர் தருவன என்று அதன் முன்னுரையிலேயே குறிப்பிட்டார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் 'கம் ஆஃப்', 'பிரேக் ஆஃப்', 'செட் ஆஃப்', 'டேக் ஆஃப்' ஆகியவையும் உள்ளன.

தமிழிலும் இத்தகைய போக்கு உண்டு. 'கைவிடு' என்றால் கையை விடுவது மட்டுமா? 'கைகூடு', 'கைகொடு' என்பவற்றைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காண முடியுமா? அதுபோன்றே 'ஆஃப்' சேர்ந்த தொடர்களையும் முழுமையாக வைத்தே பொருள் கொள்ள வேண்டும்.

ஆயினும் ஒரு பிடிமானம் உண்டு. 'ஆஃப்' என்பதும், 'உடைய' எனப் பொருள்படும் 'ஆவ்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்தவை. அழுத்தி உச்சரிக்கப்பட்ட வடிவமே 'ஆஃப்' எனப் பிரிந்தது. ஒன்றினின்று விலகுதல் என்பதே இதன் அடிப்படைப் பொருள். அதனை மனத்தில் இருத்திக் கீழ்வருவனவற்றைப் பாருங்கள்.

முதலாவது, நீங்குதல். 'டேக் ஆஃப்' என்றால் செருப்பையோ சட்டையையோ கழற்றுதல். விமானம் தரையை விட்டு மேலெழுவதும் அதுவே. 'கெட் ஆஃப்' என்பது பேருந்து, புகைவண்டி ஆகியவற்றிலிருந்து இறங்குதல். காரிலிருந்து இறங்குவதற்கு மட்டும் 'கெட் அவுட் ஆவ்' என்பதே வழக்கு.

இரண்டாவது, புறப்படுதல். 'செட் ஆஃப்' என்றால் பயணம் புறப்படுதல். 'சீ ஆஃப்' என்றால் பயணம் செல்பவரை வழியனுப்புதல்.

மூன்றாவது, நிறுத்துதல். 'டர்ன் ஆஃப்', 'ஸ்விட்ச் ஆஃப்' ஆகியவை நாம் அறிந்தவையே. 'கட் ஆஃப்' என்பது துண்டித்தல். 'கோ ஆஃப்' என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணைந்தது என்று பொருள். அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் ஒலித்தது என்று பொருள். பால் 'கோ ஆஃப்' ஆனாலோ கெட்டுவிட்டது என்று பொருள்!

நான்காவது, தள்ளுதலும் கைவிடுதலும். 'புட் ஆஃப்' என்றால் ஒத்திவைத்தல். 'கால் ஆஃப்' என்றால் அறவே கைவிடுதல். திருமணத்தை 'புட் ஆஃப்' செய்திருக்கிறோம் என்றால் வேறொரு நாளில் நடைபெறும். 'கால் ஆஃப்' என எழுதிவிட்டால் அந்தச் சம்பந்தமே முறிந்ததாகப் பொருள். உறவினருக்கு எழுதும்போது இவ்விரண்டையும் மாற்றி எழுதி வீண் கலவரத்தை உண்டாக்கிவிடாதீர்கள்.

ஐந்தாவது, முடித்தல். 'பே ஆஃப்' என்றால் கடனை மிச்சமின்றி அடைத்தல். வெறும் 'பே' என்பதில் இந்த முழுமை இல்லை. நெடுநாள் உழைப்பு பலன் தந்தது என்பதற்கும் 'பே ஆஃப்' என்பதையே வழங்குவர்.

இனிச் சில மரபுத்தொடர்கள். 'வெல் ஆஃப்' என்றால் வசதியுடன் வாழ்பவர். 'ஆஃப் கலர்' என்றால் உடல் சற்றுச் சுகமில்லாதவர். நிறத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. 'ஆஃப் தி ரெக்கார்ட்' என்றால் பதிவு செய்யவோ வெளியிடவோ கூடாது என்னும் நிபந்தனையுடன் சொல்லப்படுவது. 'ஆஃப் அண்ட் ஆன்' என்றால் விட்டு விட்டு நிகழ்வது.

இறுதியாக ஓர் இலக்கண விதி. 'புட் ஆஃப் தி மீட்டிங்' எனவும் கூறலாம். 'புட் தி மீட்டிங் ஆஃப்' எனவும் கூறலாம். ஆனால் 'அதை' எனப் பொருள்படும் 'இட்' வரும்போது அது இடையில்தான் நிற்க வேண்டும். 'புட் இட் ஆஃப்' என்பது சரி. 'புட் ஆஃப் இட்' என்பது பிழை. 'கெட் ஆஃப் தி பஸ்' போன்றவற்றிலோ 'ஆஃப்' தன் வினையை விட்டுப் பிரியாது. அங்கே 'கெட் ஆஃப் இட்' என்பதே சரி.

உங்களுக்கு ஒரு பயிற்சி. பின்வருவனவற்றை 'ஆஃப்' அமையுமாறு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

1. தம்பியை வழியனுப்ப விமான நிலையம் சென்றோம்.
2. மழையின் காரணமாகப் போட்டி அறவே கைவிடப்பட்டது.
3. வங்கிக் கடன் முழுவதையும் அடைத்துவிட்டோம்.

விடைகளை அடுத்த இதழில் காண்போம்.

அந்த இளைஞர் சில மாதங்களில் வேறொரு வேலையில் அமர்ந்துவிட்டார். பின்கட்டு மட்டும் நெடுநாள் கூரையின்றி நின்றது. இப்போதெல்லாம் ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும், பொருள் விளங்கும் வரை அவர் பேனாவைத் திறப்பதில்லை. இப்பகுதியைப் படிக்கும் நீங்களும் அந்தப் பழக்கத்தை மேற்கொண்டால் போதும், எனக்கு மனநிறைவு.