மாரியோவின் குரல் யாருக்குச் சொந்தம்? கேம் குரல் நடிகர்களின் போராட்டம் ஏன்?

வீடியோ கேம் விளையாடியவர்களுக்கு மாரியோவின் மீசையும் சிவப்புத் தொப்பியும் எவ்வளவு பழக்கமோ, அந்தத் துள்ளல் குரலும் அவ்வளவு பழக்கம். அதற்குச் சொந்தக்காரர் சார்லஸ் மார்ட்டினெட். உண்மையில் ‘சொந்தக்காரர்’ என்று சொல்லலாமா? குரல் நடிகர்களின் மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கு.

யார் இந்த மார்ட்டினெட்?

1955-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். லண்டனில் நடிப்புப் பயிற்சி பெற்று, ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர். 1990களின் தொடக்கத்தில், கண்காட்சி ஒன்றுக்கான குரல் தேர்வுக்குக் கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். கேமராவையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டிருந்த நேரம். ‘நீங்க புரூக்ளினில் இருக்கும் இத்தாலிய பிளம்பர், பேசுங்க’ என்றார்கள். முதலில் முரட்டுக் குரலை யோசித்தவர், குழந்தைகளுக்குப் பிடிக்கணுமே என்று உற்சாகக் குரலுக்கு மாறியதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

1996-ல் வந்த ‘சூப்பர் மாரியோ 64’ அந்தக் குரலை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. லூயிஜி, வாரியோ, வாலூயிஜி பாத்திரங்களுக்கும் அவரே பேசினார்.

பிறகு என்ன ஆனது?

2023 ஏப்ரலில் வந்த மாரியோ திரைப்படத்தில் மாரியோவுக்குக் குரல் கொடுத்தவர் கிறிஸ் பிராட். மார்ட்டினெட்டுக்குச் சிறு வேடங்கள்தான். ஆகஸ்டில், அவர் இனி மாரியோவுக்குப் பேசமாட்டார், ‘மாரியோ தூதர்’ ஆக இருப்பார் என்று நின்டெண்டோ அறிவித்தது. அக்டோபரில் வெளியான கேமில் கெவின் அஃப்கானி பேசினார். பாத்திரம் நிறுவனத்துக்குச் சொந்தம். நடிகர் கொடுத்தது உழைப்பு மட்டும். சட்டப்படி நிலைமை இதுதான்.

சம்பளம் எப்படி?

குரல் பதிவுக்குப் போகும் ஒவ்வொரு அமர்வுக்கும் கூலி. வசனம் மட்டுமல்ல; அடிபடுவது, விழுவது, சாவது என்று கத்திக் கத்தித் தொண்டை போய்விடும். எந்த கேமுக்குப் பேசுகிறோம் என்றுகூடச் சில நேரம் சொல்லமாட்டார்கள்.

கேம் 20 லட்சத்துக்கு மேல் விற்றால் கூடுதல் தொகை வேணும்னு கேட்டு, அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2016-ல் வேலைநிறுத்தம் செய்தது. 2017-ல் கிடைத்தது விற்பனையில் பங்கு அல்ல. அமர்வுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 75 முதல் 2,100 டாலர் வரை போனஸ்.

ஏஐ வந்த பிறகு?

முன்பு நடிகரை மாற்ற இன்னொரு நடிகர் தேவை. இப்போது பழைய பதிவுகளே போதும். 2024 ஜூலை 26-ல் சங்கம் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 2025 மே மாதம் ‘ஃபோர்ட்நைட்’ கேமில் டார்த் வேடர் ஏஐ குரலில் பேசினார். அது 2024 செப்டம்பரில் மறைந்த ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸின் குரல். குடும்பத்தினர் சம்மதித்திருந்தார்கள். ஆனாலும், தங்களிடம் பேசாமல் நடிகர்களின் வேலையை ஏஐ-க்குக் கொடுத்துவிட்டதாகச் சங்கம் தொழிலாளர் வாரியத்தில் புகார் செய்தது. ஒருவரின் அனுமதி இன்னொருவரின் வேலையைக் காப்பாற்றாது என்பதை அந்தப் புகார் காட்டியது.

ஒப்பந்தத்தில் என்ன கிடைத்தது?

சுமார் 11 மாதங்களுக்குப் பிறகு, 2025 ஜூலையில் சங்க உறுப்பினர்கள் 95 சதவீத ஆதரவுடன் புதிய ஒப்பந்தத்தை ஏற்றார்கள்.

* உடனடியாக 15.17 சதவீத ஊதிய உயர்வு. பிறகு 3 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 3 சதவீதம்.
* குரலின் டிஜிட்டல் நகலைப் பயன்படுத்த நடிகரின் சம்மதம் வேணும். எதற்கு என்பதையும் சொல்லணும்.
* வேலைநிறுத்தம் நடக்கும்போது, கொடுத்த சம்மதத்தை நடிகர் நிறுத்திவைக்கலாம்.

இதோடு முடிந்ததா?

இல்லை. இந்தப் பாதுகாப்பு, சங்க ஒப்பந்தத்தின் கீழ் நடக்கும் வேலைகளுக்கு மட்டும்தான். அதற்கு வெளியே பேசும் நடிகர் கையெழுத்துப் போடும் தாளில் என்ன இருக்கிறதோ, அதுதான் அவருக்குச் சட்டம். வாய்ப்புத் தேடி வரும் புதியவர் அதைப் படித்துப் பார்த்து ‘முடியாது’ன்னு சொல்லும் இடத்தில் இருப்பது அபூர்வம். பாத்திரம் நிறுவனத்துடையது என்பதில் தகராறு இல்லை. தொண்டையும் நிறுவனத்துடையதாகிவிடக் கூடாது என்பதுதான் சண்டை.