கூண்டுக்குள் ஒரு பாலைவனக் குருவி

குழந்தைகளே, செல்லப்பிராணிகள் விற்கும் கடைக்குப் போயிருக்கிறீர்களா? மீன் தொட்டிகளுக்குப் பக்கத்தில், கம்பிக் கூண்டுக்குள், பொம்மை ஊதல் மாதிரி ‘பீப் பீப்’ என்று கத்திக்கொண்டு சின்னக் குருவிகள் தத்திக்கொண்டிருக்கும். சிவந்த அலகு, வாலில் கறுப்பு வெள்ளைப் பட்டை, ஆண் குருவிக்கு ஆரஞ்சு நிறக் கன்னம். “ஜீப்ரா ஃபின்ச், தம்பி. ஜோடியா வாங்கிக்கோ, சின்னக் கூண்டே போதும்” என்பார் கடைக்காரர்.

பிறந்தநாளுக்கு இதைத்தான் கேட்டான் என் பேரன். வேண்டாம் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுக்குச் சொன்ன காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன். சரியா, தப்பா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்தக் குருவியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அதிலும் பெரும்பாலும் நாட்டின் உட்பகுதியில், செம்மண் பரந்து கிடக்கும் வறண்ட பூமியில்தான் வசிக்கிறது. மழை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத இடம் அது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பாலைவனம் என்றால் ஒட்டகம் என்றே முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். வெறும் 12 கிராம் எடையுள்ள ஒரு குருவியும் அங்கே குடித்தனம் நடத்துகிறது என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லித் தரவில்லை. 12 கிராம் என்பது ஒரு கைப்பிடி நெல்லின் எடைகூட இல்லை!

அதன் சாப்பாடு, காய்ந்து தரையில் உதிர்ந்து கிடக்கும் புல் விதை. அதில் ஈரம் ஏது? ஆனால் அந்த விதை உடம்புக்குள் சக்தியாக மாறும்போது கொஞ்சம் நீரும் உண்டாகிறது. அதை வீணாக்காமல் குருவி பயன்படுத்திக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் மிதமான சூட்டில் வைத்தபோது, சில குருவிகள் உலர்ந்த விதையை மட்டும் தின்று, தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கின்றன. வெளியே கொளுத்தும் வெயிலில் அப்படி இருக்க முடியாது. தண்ணீர் தேடிப் போயே ஆக வேண்டும். தண்ணீர் இருக்கும் இடத்தில் வல்லூறும் காத்திருக்குமே! கோழி தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாய் மொண்டு, தலையைத் தூக்கி விழுங்கும். இந்தக் குருவி அப்படியில்லை. புறாவைப் போல அலகை நீருக்குள் வைத்தபடியே உறிஞ்சிவிடும். சில நொடிகளில் வேலை முடிந்தது, பறந்துவிடும்.

மழை பெய்து, புல் வளர்ந்து, விதை பிடித்துவிட்டால் அவ்வளவுதான், முட்புதர்களில் கூடு கட்டும் வேலை மும்முரமாகும். முட்டை நாலைந்து. அப்பாவும் அம்மாவும் மாறி மாறி அடைகாக்கும். இரண்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். மூன்றே மாதத்தில் அந்தக் குஞ்சே கூடு கட்டத் தயாராகிவிடும்! அடுத்த மழைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமோ, அதனால்தான் இந்த அவசரம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். வெயில் அதிகமாக இருந்தால், குஞ்சு பொரிப்பதற்கு முந்தைய சில நாட்களில், தாயும் தந்தையும் முட்டையைப் பார்த்து ஒரு தனிக் குரல் கொடுக்கின்றன. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிலேன் மரியெட், கேத்தரின் புகேனன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2016-இல் இதை வெளியிட்டார்கள். அந்தக் குரலை முட்டைக்குள்ளேயே கேட்ட குஞ்சுகள், சூடான கூட்டில் கொஞ்சம் சின்ன உடம்போடு வளர்ந்தன. பிற்காலத்தில் அவற்றுக்கே அதிகக் குஞ்சுகள் பிறந்தன. ‘வெளியே வெயில் கடுமை, அதற்கேற்ப வளர்ந்துகொள்’ என்று முட்டையிடமே பெற்றோர் சொல்லி வைப்பது போல இல்லையா?

பொரித்த பிறகும் பாடம் உண்டு. ஆண் குருவி மட்டும்தான் பாடும். மகன் குருவி அந்தப் பாட்டை அப்பாவிடம் கேட்டுக் கேட்டு, தப்பும் தவறுமாகப் பாடிப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. ஒருமுறை பாடமாகிவிட்டால் ஆயுள் முழுக்க அதே பாட்டுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேரன் ஒரு கேள்வி கேட்டான். “கடையில இருக்கிறது கூண்டிலேயே பிறந்ததுதானே தாத்தா, அதுக்குப் பாலைவனம் தெரியவா போகுது?”

நல்ல கேள்வி. ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பறவைகளை வியாபாரத்துக்காக வெளியே அனுப்புவதில்லை. ஆகவே இங்கே விற்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவைதான். ஆனால் குருவியின் உடம்பும் குணமும் அப்படியேதானே இருக்கின்றன? கூட்டம் கூட்டமாகப் பறக்கிற பறவையை ஒரு முழம் அகலக் கூண்டில் வைக்கிறோம். பாட்டு கற்கும் வயதில் குஞ்சை அப்பாவிடமிருந்து பிரித்து விற்கிறோம். பாலைவனத்துக் குருவிதானே, வெயில் தாங்கும் என்று பால்கனியில் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. அதன் ஊரில் உச்சி வெயிலில் புதர் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். கூண்டில் எங்கே ஒதுங்கும்? 2009 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் வெயில் 45 டிகிரியைத் தாண்டியபோது, சுதந்திரமாகத் திரிந்த இந்தக் குருவிகளே ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. அதன் பொறுமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டுக் கூண்டைத் திறந்துவிடாதீர்கள். இரை தேடவும் காக்கையிடம் தப்பவும் அதற்குத் தெரியாது. பெரிய கூண்டு, நிழல், தினமும் புதுத் தண்ணீர், கூட ஒரு துணை, இவ்வளவும் கொடுங்கள்.

இன்னும் வாங்கவில்லையா? இதற்கு நம் ஊரிலேயே ஒரு சொந்தக்காரர் உண்டு. சில்லை என்று பெயர். தினைக்குருவி என்றும் சொல்வார்கள். அதைப் பிடித்துக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பார்ப்பதற்குத் தடையில்லையே! மழைக்குப் பிறகு புல் கதிர் முற்றும் சமயம், காலையில் ஊர் எல்லை வரை நடந்து போய், சத்தம் போடாமல் நில்லுங்கள். சில்லைகள் கூட்டமாக வந்து இறங்கும். புல் தாளில் தொற்றிக்கொண்டு விதையை உருவித் தின்னும். ஒன்று எழுந்தால் எல்லாம் எழுந்து பறக்கும். பேரனை வருகிற ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போகிறேன். முகம் இன்னும் கொஞ்சம் தூக்கித்தான் இருக்கிறது.